கணக்கும் கண்கூடும்

பழுத்த மாங்கனியைப் பல நாள் வைத்திருந்தால் அதன் தோலில் சுருக்கம் விழுகின்றது. உள்ளிருக்கும் சதை நீர் வற்றிச் சிறுக்கின்றது. தோலோ அந்த அளவிற்குச் சிறுப்பதில்லை. ஆகவே, மிகுந்து நின்ற தோல் மடங்கிக் கொள்கின்றது. ஒட்டிய இரு பொருள்களுள் மேலுள்ளது மிகுந்தும் உள்ளுள்ளது குறைந்தும் இருக்குமாயின் மடிப்புத் தோன்றுதல் இயல்பே.

மனித மூளையின் மடிப்புகளும் இத்தகையனவே என்பர் அறிஞர் பலர். கருவிலுள்ள குழந்தையின் மூளை ஏறத்தாழ 20 வாரம் வரை பெரும்பாலும் வழவழப்பாகவே இருக்கின்றது. அதன் பின்னரே மேடும் பள்ளமும் பெருகுகின்றன. மேலுறையாகிய புறணி, உட்பகுதியினும் விரைந்து பரந்து வளர்தலே இதற்குக் காரணம் என்பது அவர்தம் கருத்து. ஆனால், கருத்து வேறு, மெய்ப்பித்தல் வேறு. கருவிலுள்ள மூளையை அழுத்தியும் நீட்டியும் சோதித்தல் இயலுமோ?

பின்லாந்து நாட்டு அறிஞர் டாலினென், ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் மகாதேவன் முதலியோர் இதற்கு வழி கண்டு, 2016 ஆம் ஆண்டில் தம் ஆய்வை வெளியிட்டனர். மடிப்பு மிகாத கருமூளையின் வடிவத்தைக் காந்த முறைப் படத்தால் அறிந்து, அதனைக் கணிப்பொறியில் அமைத்தனர். அவ்வடிவத்தை எண்ணற்ற சிறு நான்முகத் துண்டுகளாகப் பகுத்தனர். புறத்தேயுள்ள துண்டுகள் மிகுதியாக வளருமாறு விதித்தனர். ஒவ்வொரு துண்டும் தன் அண்டைத் துண்டுகளைத் தள்ளுவதும் இழுப்பதும் இயற்பியல் விதிப்படி கணக்கிடப்பட்டன. முடிவில், உண்மை மூளையை ஒத்த மடிப்புகள் தோன்றின.

அவர்கள் அவ்வளவில் அமையவில்லை. அதே வடிவத்தை மென்மையான கூழ்மப் பொருளாற் செய்து, மேலே மெல்லிய கூழ்ம உறை ஒன்றைப் பூசி, ஒரு நீர்மத்தில் இட்டனர். உறை நீர்மத்தை உறிஞ்சிப் பருத்தது. சிறிது நேரத்தில் மூளை போன்றே மடங்கியது.

கணிப்பொறி காட்டிய பின்னர்க் கூழ்மம் எதற்கு என்று வினவுவோர் உளர். கணிப்பொறி, தனக்குச் சொல்லியதையே நம்பும். உறையின் தடிப்பைப் பிழைபடக் கொடுத்தால், பிழையான மடிப்பையும் அழகாகவே வரைந்து காட்டும். அழகு உண்மைக்குச் சான்றாகாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அன்றோ?

எனினும், கணக்கை இகழ்தலும் தவறு. உறை தடித்தால் மடிப்பு அகலும்; மெலிந்தால் நெருங்கும். தடிப்பையும் வளர்ச்சியையும் நூறு வகையாக மாற்றிப் பார்க்கக் கூழ்மத்தால் எளிதில் இயலாது, கணக்கால் இயலும். புறணி அளவு மீறித் தடித்து, மடிப்பின்றிப் பிறக்கும் மூளையை உடைய குழந்தைகள் உளர். அக்குறையின் காரணத்தை ஆராய்வோர்க்கு இக்கணக்கு ஒரு கைவிளக்காகும்.

கூழ்மமும் உயிருள்ள மூளை அன்று. மடிப்பு விழுவதற்கு இவ்விசை போதும் என்பதையே அது காட்டுகின்றது. உறை எவ்வளவு தடிக்க வேண்டும், எவ்வளவு வளர வேண்டும் என்பவற்றை உயிரணுக்களே வகுக்கின்றன. இவ்வெல்லையை உணர்ந்து கூறுதலும் அறிவியலின் கடமையாகும். கணக்கைக் கண்கூட்டால் சோதித்தும், கண்கூட்டைக் கணக்கால் விளக்கியும் செல்பவரே உண்மையை அணுகுவர்.