இறந்தவரின் பத்திரமும் இருப்பவரின் உரிமையும்

வன்னியில் ஒரு சாவீடு என்றால் ஊரே வந்து நிற்கும். பந்தல் போடவும் விறகு கொத்தவும் எவரையும் கூப்பிடத் தேவையில்லை. எட்டுச் செலவு முடியும். அந்தியேட்டி முடியும். கிறிஸ்தவ வீடுகளில் முப்பத்தோராம் நாள் பூசையும் முடியும். பிறகு ஊர் தன் வயல் வேலைக்குத் திரும்பிவிடும். அப்போதுதான் அந்த வீட்டில் இன்னொரு வேலை தொடங்குகிறது. அது கடதாசி வேலை. விதானையாரிடம் ஒரு நாள், பதிவாளரிடம் ஒரு நாள், பிரதேச செயலகத்தில் பல நாள், பிறகு மாவட்டச் செயலகம், சில வேளைகளில் கொழும்பு. இந்த வேலைக்கு ஊர் கூடுவதில்லை. துக்கம் ஆறாத ஒரு பெண் பஸ்சுக்குக் கடன் வாங்கிக்கொண்டு தனியாக அலைகிறார். இரண்டு மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டதும் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார். அவருக்கு உரிய பணம் அப்படியே கிடக்கிறது.

இறந்தவரை அடக்கம் செய்வது எவ்வாறு ஊரின் கடமையோ, அவர் விட்டுச்சென்ற உரிமையை அவருடைய வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் அவ்வாறே ஊரின் கடமை என்பது எமது கருத்து.

எவை எமக்கு உரியவை?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இவை தருமம் அல்ல. நிவாரண அரிசியும் அல்ல. இறந்தவர் உயிரோடு இருந்தபோது தம் உழைப்பிலிருந்து மாதம் மாதமாக, போகம் போகமாகக் கட்டிய பணத்துக்கான பலன்.

எமது கமக்காரக் குடும்பங்கள் பலவற்றில் ஓர் ஆசிரியரோ, தபாற்காரரோ, நீர்ப்பாசனத் திணைக்கள ஊழியரோ இருந்திருப்பார். அரச ஊழியரின் சம்பளத்திலிருந்து விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்கெனப் பணம் கழிக்கப்படுகிறது. இந்த ஏற்பாடு 1898ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு தொடங்கியது. மனைவியை இழந்த கணவனுக்கும் இதே உரிமையை 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் கொடுத்தது. ஓய்வூதியம் பெற்றுக்கொண்டிருந்தவர் இறந்தால் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவுக்குப் போக வேண்டும். சேவையில் இருக்கும்போதே இறந்தால் அவர் கடைசியாக வேலை செய்த அலுவலகத்தினூடாக மரணப் பணிக்கொடையையும் கேட்க வேண்டும்.

கமம் செய்தவருக்கும் ஒரு திட்டம் உண்டு. 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் கமக்காரர் ஓய்வூதியம் வந்தது. 1990இல் கடற்றொழிலாளருக்கும் அவ்வாறான ஒரு சட்டம் வந்தது. அங்கத்தவர் இறந்தால் குடும்பத்துக்கு மரணக் கொடை உண்டு என்பது கமக்காரர் திட்டத்தின் ஒரு பகுதி. இந்தத் திட்டத்தின் வரலாறு நேரானதல்ல. நிதி போதாமையால் கொடுப்பனவு சில காலம் நின்று, 2014இல் மீண்டும் தொடங்கியது. அதனால் பலர் நம்பிக்கை இழந்து பற்றுச்சீட்டுகளைக்கூட எறிந்துவிட்டார்கள். எறிய வேண்டாம். அங்கத்துவ இலக்கமும் சீட்டும் இருந்தால் கமநல சேவை நிலையத்திலும் காப்புறுதிச் சபையின் மாவட்ட அலுவலகத்திலும் கேட்பதற்கு இடம் உண்டு.

மூன்றாவது, ஊழியர் சேமலாப நிதி. இது 1958இல் வந்தது. ஊழியர் நம்பிக்கை நிதி 1980இல் வந்தது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையிலும் ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையிலும் எமது ஆட்கள் எத்தனை பேர் சம்பளத்துக்கு நின்றார்கள்! போர் அந்த இடங்களை மூடியது. ஆனால் அங்கே உழைத்தவரின் பேரில் வைப்பிலிட்ட பணத்தைப் போர் அழிப்பதில்லை. அவர் இறந்திருந்தால் அவர் பெயர் கொடுத்தவரோ உரித்தாளரோ தொழில் அலுவலகத்தினூடாக அதைக் கேட்கலாம்.

பத்திரம் எங்கே போனது?

கொழும்பிலோ கண்டியிலோ உள்ள ஒரு விதவைக்கும் எமது விதவைக்கும் சட்டம் ஒன்றுதான். ஆனால் பெட்டி ஒன்றல்ல. அவருடைய அலுமாரியில் மரணச் சான்றிதழும் விவாகப் பதிவும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் இருக்கும். எமது பெட்டியோ 1995இல் கிளாலிக் கடலைக் கடந்தது. 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடியது. 1997இல் வவுனியா வடக்கிலிருந்து காட்டுக்குள் போனது. 2008க்கும் 2009க்கும் இடையில் விசுவமடு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று இழுபட்டு, கடைசியில் எங்கோ ஒரு பதுங்குகுழியில் மண்ணோடு மண்ணானது. மெனிக் பாமுக்கு வந்து சேர்ந்தபோது பலரிடம் ஒரு பொலித்தீன் பை மட்டுமே இருந்தது. சிலரிடம் அதுவும் இல்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. பிள்ளையை ஆட்சேர்ப்பிலிருந்து காப்பாற்றுவதற்காக அந்த ஆண்டுகளில் அவசர அவசரமாகக் கலியாணங்கள் செய்யப்பட்டன. தாலி ஏறியது, பதிவு ஏறவில்லை. கணவன் இறந்த பின்னர், "நீர் அவருடைய மனைவி என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று ஓர் எழுதுவினைஞர் கேட்கும்போது, இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பெண் வாயடைத்து நிற்கிறார்.

ஓர் அத்தாட்சியும் இல்லாதவர் என்று எவரும் இல்லை. பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளுக்கு மறுபிரதி உண்டு. ஊரில் புத்தகம் எரிந்திருந்தாலும் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் தேடுவிக்கலாம். மூன்று மாதத்துக்குள் பதியாத மரணத்தைக் காலங்கடந்த பதிவாகப் பதிவதற்கும் வழி உண்டு. அதற்குச் சத்தியக் கடதாசியும் விதானையாரின் அறிக்கையும் கண்டவரின் சாட்சியமும் வேண்டும். ஆலயங்களில் உள்ள ஞானஸ்நானப் புத்தகமும் விவாகப் புத்தகமும் துணை அத்தாட்சியாக உதவும். பாடசாலை இடாப்பில் தகப்பனின் பெயர் இருக்கும். பழைய பங்கீட்டு அட்டைப் பதிவில் குடும்பத்தின் பெயர் இருக்கும். இவற்றைத் தேடுவது தனி ஒருவரால் ஆகாது. கூடித் தேடினால் ஆகும்.

காணாமற்போனவரின் வீட்டில்

இனிச் சொல்வது எல்லாவற்றிலும் பாரமானது. அடக்கம் செய்தவருக்கே இத்தனை அலைச்சல் என்றால், அடக்கம் செய்யாதவரின் வீட்டில் என்ன நிலை?

மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஓர் இலக்கத்தை வைத்தார்: 146,679. 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்ததாகக் கச்சேரிகள் கணக்கிட்ட மக்களுக்கும், போர் முடிந்தபின் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்ததாகக் கணக்கிடப்பட்ட மக்களுக்கும் இடையிலான வித்தியாசம் அது. அவர்களுக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். 2021இல் ஆண்டகை காலமானார். கேள்வி இருக்கிறது.

2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், போர்ச்சூழலில் ஓராண்டுக்கு மேலாகக் காணாமற்போய் இறந்துவிட்டதாக நம்பப்படுபவரின் மரணத்தைப் பதிவதற்கு வழி செய்தது. பதிந்தால் ஓய்வூதியத்துக்கும் சேமலாப நிதிக்கும் கதவு திறக்கும். ஆனால் அந்தக் கதவைத் திறக்கும் சாவி ஒரு மனைவியின் கையொப்பம். "என் கணவன் இறந்துவிட்டார்" என்று, உடலைக் காணாமல், செய்தியைக் கேளாமல், அவர் சத்தியம் செய்ய வேண்டும். கையால் பிடித்து ஒப்படைத்த மகனை இறந்துவிட்டான் என்று ஒரு தாய் எப்படி எழுதுவார்? 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலின் முன்னால் தாய்மார் வீதியோரம் அமர்ந்தது இந்தக் கேள்வியோடுதான்.

2016இல் வந்த திருத்தம் இதற்கு ஒரு நடுவழியைத் தந்தது. இறந்துவிட்டார் என்று சொல்லாமல், ஆள் காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழ் அது. அதைக்கொண்டு சமூகப் பாதுகாப்புக் கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்கவும், காணாமற்போனவரின் சொத்தைப் பராமரிக்கவும், பிள்ளைகளின் பொறுப்பை ஏற்கவும் இடம் கொடுக்கப்பட்டது. இது எமது நாட்டின் புதுமை அல்ல. ஆர்ஜென்ரீனாவில் இராணுவ ஆட்சிக்காலத்தில் மறைந்துபோனவர்களின் குடும்பங்கள் இதே வேதனைக்கு முகங்கொடுத்தன. அங்கே 1994இல் ஒரு சட்டம் வந்தது. மறைக்கப்பட்டவரை இறந்தவர் என்று அறிவிக்காமலே, அவருடைய குடும்பம் சட்ட அலுவல்களைச் செய்ய அது வழி விட்டது. அதனால் அந்தத் தாய்மாரின் போராட்டம் நின்றுவிடவில்லை.

சட்டம் எழுதப்பட்டது நல்லது. ஆனால் சட்டத்தை அறியாத மேசைகள் இருக்கின்றன. இந்தச் சான்றிதழோடு போகும் பெண்ணிடம் "மரணச் சான்றிதழ் கொண்டு வாரும்" என்று சொல்லும் அலுவலகம், உண்மையில் அவரிடம் பணத்துக்காக ஒரு பொய்யைக் கேட்கிறது. காணாமற்போனவர் திரும்பி வந்தால் கொடுத்த பணத்துக்கு என்ன செய்வது என்று கேட்கிறார்கள். திரும்பி வந்தால் கணக்குப் பார்த்து அறவிடலாம். அப்படி ஓர் அறவீட்டை எந்தக் குடும்பம் சந்தோஷமாகக் கட்டாது?

எமது ஊர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிள்ளைகளின் பசிக்காக மரணச் சான்றிதழ் எடுத்த மனைவியைச் சிலர் பழிக்கிறார்கள். பத்திரம் எதுவும் வேண்டாம் என்று வீதியில் இருக்கும் தாயைச் சிலர் பிடிவாதக்காரி என்கிறார்கள். இருவரும் ஒரே காயத்தைச் சுமப்பவர்கள். பத்திரம் எடுத்தவர் நீதியை விற்றவர் அல்லர். எடுக்காதவர் புத்தியற்றவர் அல்லர். இவர்களுக்கு நியாயம் தீர்க்கும் உரிமை எமக்கு இல்லை.

அரசு செய்ய வேண்டியது

அரசிடம் நாம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. ஒன்று, நடமாடும் சேவையை மாவட்ட நகரத்தில் மட்டும் நடத்தாமல், துணுக்காய், மாந்தை கிழக்கு, நெடுங்கேணி போன்ற இடங்களின் உட்கிராமங்களுக்கும் கொண்டுவர வேண்டும். பதிவாளர், ஓய்வூதிய அலுவலர், தொழில் அலுவலர், காப்புறுதிச் சபை அலுவலர் ஆகிய நால்வரும் ஒரே நாளில் ஒரே மண்டபத்தில் இருக்க வேண்டும். இரண்டு, தமிழ் அரசகரும மொழியாக இருக்கும் நாட்டில் ஒரு கமக்காரப் பெண்ணுக்குத் தமிழ்ப் படிவமும் தமிழ்ப் பதிலும் கிடைக்க வேண்டும். மூன்று, ஆள் காணப்படாமைக்கான சான்றிதழை எல்லாத் திணைக்களங்களும் ஒரே விதமாக ஏற்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு பங்கிலும், ஒவ்வொரு மாதர் சங்கத்திலும் வாசிக்க எழுதத் தெரிந்த இருவரை இந்த வேலைக்கென நியமிப்போம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் எமது ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய அனுபவம் சும்மா கிடக்கிறது. மதம் பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் அவர்கள் போகட்டும்.

மரணச் சான்றிதழில் பல பிரதிகள் எடுத்து வைப்போம். பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் எல்லாப் பத்திரங்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலிலேயே பார்ப்போம். ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் திரும்பி வரும். மூலப் பத்திரத்தை எவரிடமும் விட்டுவிட்டு வரக் கூடாது. எதைக் கொடுத்தாலும் திகதியிட்ட பற்றுச்சீட்டை வாங்க வேண்டும். ஓய்வூதியம் பெற்றவர் இறந்தால் உடனே பிரதேச செயலகத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் வங்கியில் தொடர்ந்து எடுத்த பணம் பின்னர் கடனாக வந்து நிற்கும்.

விண்ணப்பம் கொடுத்து மாதக்கணக்கில் பதில் இல்லையென்றால் கெஞ்சப் போக வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "எனது விண்ணப்பத்துக்கு என்ன நடந்தது?" என்று எழுத்தில் கேட்கலாம். தகவல் கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க அந்தச் சட்டம் அலுவலரைக் கட்டுப்படுத்துகிறது. சட்டத்தரணி தேவையில்லை. ஒரு தாளும் ஒரு பேனையும் போதும்.

வேதாகமத்தில் செலோப்பியாத்தின் ஐந்து பெண்மக்களை நாம் அறிவோம். தகப்பன் வனாந்தரத்தில் இறந்துபோனார். ஆண்பிள்ளை இல்லை. பங்கு இல்லை என்று சொல்லப்பட இருந்தவர்கள். அவர்கள் வீட்டிலிருந்து அழவில்லை. ஐவரும் சேர்ந்து கூடாரவாசலுக்கு வந்து, மோசேக்கும் ஆசாரியனுக்கும் முழுச் சபைக்கும் முன்னால் நின்று தகப்பனின் பங்கைக் கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று தீர்ப்பு வந்தது. அவர்களுக்காக மட்டுமல்ல, அவர்களுக்குப் பின் வந்த எல்லாப் பெண்களுக்காகவும் ஒரு சட்டம் வந்தது. எமது பெண்களும் தனித்தனியாகப் போகாமல் சேர்ந்து போகட்டும்.

வரும் காலபோகத்துக்கான பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் வாய்க்காலையும் விதைநெல்லையும் பேசி முடித்த பின்னர், கமக்காரர் அமைப்புகள் இன்னும் அரை மணித்தியாலம் ஒதுக்கட்டும். ஓய்வூதியத் திட்டங்களில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள், தமக்குப் பின் யாருக்கு என்று பெயர் கொடுத்திருக்கிறார்களா, எந்த வீட்டில் விண்ணப்பம் நின்றுபோயிருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதட்டும். அந்தக் கொப்பியின் பிரதி ஒன்று ஊரிலும் மற்றொன்று ஆலயத்திலும் இருக்கட்டும்.