உய்யக்கொண்டான் கரைப் பராமரிப்பில் குடிமக்களுக்கு எழுத்துபூர்வமான பொறுப்பு கோரும் மனு

அனுப்புநர்:
குடியிருப்போர் நலச் சங்கம்,
தில்லை நகர், திருச்சிராப்பள்ளி – 620 018.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாநகராட்சி ஆணையர் அவர்கள்,
செயற்பொறியாளர் அவர்கள், நீர்வளத்துறை,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: உய்யக்கொண்டான் வாய்க்காலின் நகரப் பகுதிக் கரைகளைத் தன்னார்வலர்கள் தொடர்ந்து பேணுவதற்கு முறையான ஒப்பந்தம் செய்து தர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்கால், உய்யக்கொண்டான் திருமலை, புத்தூர், பாலக்கரை என்று நகரின் ஊடே ஓடி வாழவந்தான்கோட்டை ஏரியைச் சேர்கிறது. முதலாம் இராசராசன் காலத்தில் வெட்டப்பட்டதாகக் கருதப்படும் இவ்வாய்க்காலின் நீளம் சுமார் 70 கிலோமீட்டர். இதை நம்பியிருக்கும் பாசனப் பரப்பு சுமார் 32,000 ஏக்கர். வயலுக்கு நீர் கொண்டுபோக வெட்டிய கால்வாயே நகருக்குள் மழைநீர் வடிகாலாகவும், பல இடங்களில் கழிவுநீர் ஓடையாகவும் ஆகிவிட்டது. இம்மனுவில் நாங்கள் பெரிய நிதி ஒதுக்கீடோ புதிய அழகுபடுத்தும் திட்டமோ கேட்கவில்லை. கரையைப் பேண முன்வரும் குடிமக்கள் எந்தப் பகுதியில், என்ன வேலையை, யாருடைய மேற்பார்வையில், எத்தனை காலத்துக்குச் செய்யலாம் என்பது எழுத்தில் வரையறுக்கப்பட வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

இப்படிக் கேட்பதற்குக் காரணம் வாய்க்காலின் இயல்பிலேயே இருக்கிறது. வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படுகிறது. தூர்வாரும் பணிகள் பெரும்பாலும் கோடையில், தண்ணீர் வருவதற்கு முன் அவசரமாக நடந்து முடிகின்றன. ஆனால் ஆகாயத்தாமரைக்கு நாள்கணக்குத் தெரியாது. கழிவுநீரின் சத்தும் வெயிலும் கிடைத்தால் இரண்டே வாரத்தில் இருமடங்காகப் பெருகக்கூடிய செடி அது. மே மாதம் பொக்லைன் அள்ளியதில் எஞ்சிய ஒரு கொத்து, ஐப்பசி மழைக்குள் மதகை அடைத்துவிடப் போதும். சீமைக்கருவேலமும் அப்படித்தான்: தரையோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு பிடுங்கி, அதே இடத்தை அடுத்தடுத்த பருவங்களிலும் பார்த்துவர வேண்டும். கரையில் நட்ட கன்று இரண்டு மூன்று கோடைகளைத் தாண்டினால்தான் மரம். இவை எதுவும் பெரிய வேலையில்லை, ஆனால் ஓயாத வேலை. ஒப்பந்தக்காரரின் பணி அளவுப் புத்தகத்தோடு முடிந்துவிடும். ஆண்டு முழுவதும் அதே கரையில் நடப்பவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள் மட்டுமே. புத்தூர் ஆறுகண் பக்கம் கோரையாற்று வெள்ளம் ஏறினால் என்ன ஆகும் என்பதை 1977 நவம்பரிலும் 2005 நவம்பரிலும் இந்நகரம் பார்த்திருக்கிறது. மழைக்கு முன் அடைப்பைக் கண்டு சொல்ல ஆள் இருப்பது எங்களுக்கு அழகு சார்ந்த விஷயம் அன்று, பாதுகாப்பு சார்ந்தது.

கைகளுக்குக் குறைவில்லை. ‘சிட்டிசன்ஸ் ஃபார் உய்யக்கொண்டான்’ போன்ற குடிமக்கள் குழுக்களும், நகரின் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் ஏற்கெனவே துப்புரவுப் பணிக்கு வந்திருக்கிறார்கள். குறை, இத்தகைய உழைப்பு ஒருநாள் நிகழ்ச்சியாகவே நடத்தப்படுவதில் இருக்கிறது. வாய்க்கால் நீர்வளத்துறையுடையது. குப்பையும் கழிவுநீரும் மாநகராட்சியின் பொறுப்பு. ஆக்கிரமிப்பு என்றால் வருவாய்த்துறையும் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் அனுமதி புதிதாகத் தொடங்குகிறது. அள்ளிய செடியை அன்றே ஏற்றிச்செல்ல வண்டி வராவிட்டால், கரையில் குவித்தது அடுத்த மழையில் மீண்டும் நீருக்குள் சரிகிறது. அதிகாரி மாறுதலாகிப் போனால் வாய்மொழி இசைவும் அவரோடு போய்விடுகிறது.

சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் பன்மய மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் வந்த விதிகள் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் வழி திறந்திருக்கின்றன. பாசனத்தைப் பொறுத்தவரை, விவசாயிகளின் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் 2000ஆம் ஆண்டிலேயே ஆயக்கட்டுதாரருக்குப் பராமரிப்பில் பங்கு தந்தது. மக்களே கூடி நீர்நிலைகளைப் பேணும் குடிமராமத்து முறைக்கு 2017இல் புத்துயிர் தந்தபோதும் முன்னிறுத்தப்பட்டவர் விவசாயிதான். அது நியாயமே. ஆனால் உய்யக்கொண்டானை அதிகமாகக் கெடுப்பது நகரம். கெடுக்கும் இடத்தில் குடியிருப்பவர்களுக்கு அதைப் பேணும் பொறுப்பு எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. இந்த இடைவெளியைத்தான் நிரப்பக் கேட்கிறோம்.

இதற்கு முதலில் எழும் ஆட்சேபம் வலுவானது: வரி வாங்கும் அரசு செய்ய வேண்டியதைக் குடிமக்கள் தலையில் ஏற்றுவதா? அரசின் கடமையிலிருந்து ஓர் அணுவளவும் தளர்த்த நாங்கள் உடன்படவில்லை. வாய்க்காலில் கலக்கும் கழிவுநீரைப் பாதாளச் சாக்கடையோடு இணைப்பது மாநகராட்சியின் வேலை, எந்தத் தன்னார்வலரும் அதைச் செய்ய முடியாது. கழிவு கலந்த நீருக்குள் தன்னார்வலர்களையோ தூய்மைப் பணியாளர்களையோ வெறும் உடலோடு இறக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறோம். கையால் கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் உணர்வும் அதுவே. நிரந்தரப் பணியாளர் ஒருவரின் இடத்தைக்கூட இலவச உழைப்பு பறிக்கக் கூடாது. 1858இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த கட்டாய உழைப்புச் சட்டம் குடிமராமத்தைத் தண்டனையின் நிழலில் நிறுத்தியது. அந்த வழிக்கு யாரும் திரும்ப வேண்டியதில்லை. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்தான் அரசு செய்ய வேண்டியது எது, மக்கள் செய்யக்கூடியது எது என்ற கோடு தெளிவாகும். இன்று அந்தக் கோடு இல்லாததால்தான் இரண்டும் நடப்பதில்லை.

பொது நிலத்தை ஒரு குழுவிடம் கொடுத்தால் அது நாளை அவர்கள் சொத்தாகிவிடாதா என்பது அடுத்த கேள்வி. பெங்களூரின் அனுபவம் இதற்கு இரு பக்கமும் பாடம் தருகிறது. அங்கே 2004 முதல் சில ஏரிகள் தனியார் நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. எதிர்ப்பு கிளம்பி, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அதே நகரில் புட்டேனஹள்ளி ஏரியைச் சுற்றிக் குடியிருப்போர் 2010இல் அறக்கட்டளை அமைத்து, 2011இல் மாநகராட்சியோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்து, சுமார் 13 ஏக்கர் ஏரியைப் பராமரித்தார்கள். முன்னதில் குத்தகையும் வருமானமும் இருந்தன, பின்னதில் உழைப்பு மட்டுமே. ஆனால் 2020இல் தனியார் நிறுவனங்களுடனான ஏரி ஒப்பந்தங்களுக்கு நீதிமன்றம் தடை போட்டபோது, குடிமக்கள் குழுக்களின் ஒப்பந்தப் புதுப்பிப்பும் சிக்கலில் மாட்டியது. ஆகவே எங்கள் ஒப்பந்தத்தில் வேலி, கட்டணம், விளம்பரப் பலகை, கட்டடம், தனி நுழைவு ஆகிய எதற்கும் இடம் இருக்கக் கூடாது என்று நாங்களே கேட்டுக்கொள்கிறோம். பொறுப்பு எங்களுடையது, உரிமை பொதுமக்களுடையது.

தன்னார்வலருக்கு அறிவு போதாது, தவறான மரத்தை நட்டுக் கரையையே பலவீனமாக்குவார்கள் என்று பொறியாளர்கள் அஞ்சுவதிலும் பொருள் உண்டு. அமெரிக்காவின் சிகாகோவில் 1977 முதல் தன்னார்வலர்கள் அரசு வனநிலங்களில் புதர்களை அகற்றி, பூர்விகப் புல்வெளிகளை மீட்டார்கள். நல்ல வேலை. ஆனால் மரங்கள் ஏன் வெட்டப்படுகின்றன என்று சுற்றுவட்டத்தாருக்குப் புரியவைக்காததால் 1996இல் எதிர்ப்பு வெடித்து, மாவட்ட நிர்வாகம் பணிகளை நிறுத்திவைத்தது. நல்லெண்ணம் மட்டும் போதாது. துறை ஒப்புதல் பெற்ற பணித்திட்டமும், அதைத் தெருவில் எல்லோர் முன்னும் வைத்துப் பேசும் வழக்கமும் வேண்டும். எந்தக் கன்றை எங்கே நடலாம் என்பதை நீர்வளத்துறையும் வனத்துறையும் சொல்லட்டும், நாங்கள் அதன்படி நடப்போம்.

விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்ற தயக்கத்துக்கும் முன்மாதிரி உண்டு. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் பணிபுரியும் தன்னார்வலர்களுக்கு 1970ஆம் ஆண்டுச் சட்டம், பணியில் காயம்பட்டால் அரசு ஊழியருக்குரிய இழப்பீட்டுப் பாதுகாப்பைத் தருகிறது. இங்கே குழுக் காப்பீடு ஒன்று போதும்.

ஆகவே, புத்தூருக்கும் நீதிமன்றப் பகுதிக்கும் இடைப்பட்ட கரையை முதல் பகுதியாக எடுத்துக்கொண்டு, நீர்வளத்துறை, மாநகராட்சி, குடியிருப்போர் ஆகிய மூன்று தரப்பும் கையெழுத்திடும் மூன்றாண்டு ஒப்பந்தத்தை உருவாக்கித் தர வேண்டுகிறோம். பகுதிக்கு ஒரு பொறுப்பு அதிகாரியின் பெயர் அதில் இருக்க வேண்டும். அள்ளிய செடிகளை அன்றே ஏற்றிச்செல்லும் வண்டிக்கு வழி செய்ய வேண்டும். தன்னார்வலர்களுக்குக் கையுறையும் காலணியும் காப்பீடும் வேண்டும். கழிவுநீர் கலக்கும் இடங்களை நாங்கள் பதிவு செய்து தந்தால், குறித்த நாட்களுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். அந்தப் பதிவும் பதிலும் பகுதி சபையில் பகிரங்கமாக வைக்கப்பட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பணியை மறுஆய்வு செய்து, நாங்கள் தவறினால் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் அதிகாரம் துறையிடமே இருக்கட்டும்.

அடுத்த கோடைத் தூர்வாரும் பணிப் பட்டியல் இறுதியாகும் முன்பே இது கையெழுத்தானால்தான் அதையடுத்த மழைக்கு முன் பயன் தெரியும். எனவே, மூன்று அலுவலகங்களும் எங்களையும் பிற குடிமக்கள் குழுக்களையும் சேர்த்து ஒரு மாத காலத்துக்குள் கூட்டுக் கூட்டம் ஒன்றை நடத்தி, நாளும் இடமும் எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இவண்,
சங்கப் பொதுக்குழுவின் சார்பில்,
தலைவர், செயலாளர்.