கிறுக்கலுக்கு விலை

டாக்டரின் கிறுக்கல் மருந்துக் கடைக்காரருக்கு மட்டுமே விளங்கும் என்பார்கள். அந்தக் கிறுக்கலை ஒழிக்க அமெரிக்க அரசு கஜானாவையே திறந்துவிட்டது. 2009ல் வந்த ஹைடெக் சட்டப்படி, நோயாளிகளின் குறிப்புகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் டாக்டருக்கு, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் ஐந்தாண்டுகளில் 44,000 டாலர் வரை தர முன்வந்தது. 2011ல் பட்டுவாடா தொடங்கியது. மாறாதவர்களுக்கு 2015 முதல் கட்டணத்தில் வெட்டு.

கம்ப்யூட்டர் வாங்கிய பில்லைக் காட்டினால் காசு வராது. மென்பொருளுக்குச் சான்றிதழ் வேண்டும். முதல் கட்டத்திலேயே, 80 சதவீதத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் மருந்துப் பட்டியலும் ஒவ்வாமை விவரமும் பதிவாகியிருக்க வேண்டும். மருந்துச் சீட்டுகளில் 40 சதவீதத்துக்கு மேல் மின்வழியே கடைக்குப் போக வேண்டும். முன்கூட்டித் தயாராகாத கிளினிக்குகள் திண்டாடின. யார் டைப் அடிப்பது? பழைய ஃபைல்களை யார் ஏற்றுவது? பல இடங்களில் டாக்டரேதான், வீட்டுக்குப் போன பிறகும்.

பலன் இல்லாமல் இல்லை. 2008ல் பத்தில் ஓர் ஆஸ்பத்திரியில்கூட இல்லாத வசதி, 2015க்குள் பத்தில் எட்டுக்குப் பரவியது. ஆனால் ஓர் ஆஸ்பத்திரியின் பதிவை இன்னொன்று படிக்க முடியாத அவலம் நீடித்தது. பதிவுகளின் பரிமாற்றத்தை வலியுறுத்தி 2018ல் திட்டத்தின் பெயரையே மாற்றினார்கள்.

இந்தியாவும் இதே பாதையில் இறங்கியது. 2021ல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம். 2023ல் 4 கோடி ரூபாய் வரை ஊக்கத்தொகை. பணம் கம்ப்யூட்டரை வாங்கித் தரும். டாக்டர் திரையிலிருந்து நிமிர்ந்து நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால், டைப் அடிக்க ஆளைத்தான் முதலில் தேட வேண்டும்.