ஃபார்மட் பண்ணிடலாம் சார்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் கொஞ்ச நாளா இந்தப் பக்கமே வரலை. இன்னிக்கு வந்ததுக்குக் காரணம் கடுப்பு. யார் மேலன்னு கேட்டீங்கன்னா, பாதி என் மேல, மீதி அந்தத் தலைப்புல இருக்கற மூணு வார்த்தை மேல.

போன மாசம் வேங்கிக்கால் வீட்ல உக்காந்து புதுசா ஒரு பொட்டி அசெம்பிள் பண்ணேன். கலெக்டர் ஆபீஸே எங்க ஏரியாலதான் இருக்கு, எல்லா சர்ட்டிபிகேட்டும் கிடைக்கும், நல்ல மதர்போர்டு மட்டும் கிடைக்காது. அதனால ரிச்சி ஸ்ட்ரீட் போய் அலைஞ்சு சாமான் எல்லாம் வாங்கிட்டு வந்தேன். ஒரே மூச்சுல மாட்டி, பட்டனை அமுக்கினதும் ஓடிச்சு. மீசையை முறுக்கிக்கிட்டேன் :-)

கடைசியா அப்பாவோட பழைய பொட்டியில இருந்த 1 டெரா பைட் ஹார்ட் டிஸ்க்கை இதுல மாட்டினேன். பயாஸ்ல காணோம். விண்டோஸ்ல காணோம். கேபிளை மாத்தினேன், காணோம்.

அந்த டிஸ்க்ல இருந்தது 2009ல நடந்த அக்கா கல்யாண வீடியோ. வீடியோக்காரர் குடுத்த டிவிடி கீறல் விழுந்து எப்பவோ போயிடுச்சு. அதுல எங்க ஆயா நடந்து வருவாங்க, பந்தில உக்காந்தவங்களை அதட்டுவாங்க. 2014ல ஆயா போயிட்டாங்க. அவங்க குரல் இருக்கறது உலகத்துலயே அந்த ஒரு இடத்துலதான். அம்மா ராத்திரி வந்து "கிடைச்சுதா கண்ணு?"ன்னு மட்டும் கேட்டாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

நான் சாஃப்ட்வேர் ஆளு இல்லையா, ரெண்டு நாள் சாஃப்ட்வேரையே நோண்டினேன். டிரைவர் அப்டேட், பயாஸ் அப்டேட், லினக்ஸ் லைவ் யூஎஸ்பி, எல்லாம் ஆச்சு. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவன் கைல ஸ்க்ரூ டிரைவர் எடுக்க ரெண்டு நாள் ஆகுது. மூணாவது நாள் டவுன்ல ஒரு கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். அவர் ஒரு யூஎஸ்பி கேபிளை மாட்டி, லேப்டாப்ல சொருகி, அரை நிமிஷம் பார்த்துட்டு, "செத்துப்போச்சு சார். வேணும்னா சென்னைக்கு அனுப்பலாம், 12,000 ஆகும், கேரண்டி இல்லை. அதுவா உயிர் வந்துச்சுன்னா ஃபார்மட் பண்ணித் தர்றேன்"னார்.

வீட்டுக்கு வந்து மனசு கேக்காம மறுபடி மாட்டி, டிஸ்க் மேல கையை வெச்சேன். அதிருது! சுத்துது! கடையில கல்லு மாதிரி கிடந்தது. அப்பதான் மண்டைல உறைச்சது. அவர் மாட்டினது லேப்டாப் டிஸ்க்குக்கான கேபிள். யூஎஸ்பியில அதுக்கு வர்றது 5 வோல்ட். டெஸ்க்டாப்ல போடற மூன்றரை இஞ்ச் டிஸ்க்கோட மோட்டாருக்கு 12 வோல்ட் வேணும். பட்டினி போட்டுட்டு பொணம்னு சொல்லிட்டார்.

சரி, இங்க சுத்துதே, அப்புறம் ஏன் தெரியலை? நான் பிரிக்காமலே வெச்சிருந்த மதர்போர்டு மேனுவலை எடுத்தேன். பொடி எழுத்துல ஒரு அடிக்குறிப்பு: ரெண்டாவது எம்.2 ஸ்லாட்ல சாட்டா வகை எஸ்எஸ்டி போட்டா, 2ஆம் நம்பர் சாட்டா போர்ட் வேலை செய்யாது. பழைய லேப்டாப்ல இருந்து பிடுங்கின எஸ்எஸ்டியை அந்த ஸ்லாட்லதான் போட்டிருந்தேன். டிஸ்க்கை மாட்டியிருந்தது 2ஆம் நம்பர்ல. கேபிளை மாத்தினப்பகூட அதே ஓட்டையிலதான் சொருகியிருக்கேன், அறிவு! 3ல சொருகினேன். வந்துடுச்சு.

இப்ப என் கருத்து. டிஸ்க் தெரியலைங்கறதும் டிஸ்க் செத்துப்போச்சுங்கறதும் வேற வேற. இதுக்குப் பெரிய உதாரணமே இருக்கு. 2008 கடைசியில சீகேட் பாரகுடா 7200.11 டிஸ்க்குகள் கூட்டமா காணாமப் போச்சு. ராத்திரி ஷட் டவுன் பண்ணினது காலையில பயாஸ்ல இருக்காது, இல்லைன்னா கொள்ளளவு 0ன்னு காட்டும். ஹெட் போகலை, தட்டுல கீறல் இல்லை, தகவல் எல்லாம் பத்திரம். ஃபர்ம்வேர்ல ஒரு பிழை, அவ்வளவுதான். 2009 ஜனவரியில கம்பெனியே ஒத்துக்கிட்டு அப்டேட் குடுத்தாங்க. (முதல்ல குடுத்த அப்டேட் சில 500 ஜிபி டிஸ்க்குகளைப் படுக்க வெச்சது தனிக் காமெடி.) அதுவரைக்கும் பொறுக்க முடியாதவங்க நோக்கியா போன் டேட்டா கேபிளை வெட்டி, டிஸ்க்கோட சீரியல் பின்னுல மாட்டி, கட்டளை அடிச்சு எழுப்பினாங்க. அப்ப நான் ஆறாங்கிளாஸ். இப்பப் படிக்கும்போதும் புல்லரிக்குது. அப்ப "செத்துப்போச்சு"ன்னு குப்பையில போனது எத்தனையோ.

கடைக்காரரை மட்டும் திட்டறதுல நியாயம் இல்லை. முன்னூறு ரூபாய்க்கு ஒரு மணி நேரத்துல பொட்டி ஓடணும்னு நாமதான் நிக்கறோம். உள்ள என்ன இருக்குன்னு நாம சொல்றதும் இல்லை, அவங்க கேக்கறதும் இல்லை. அதனால எல்லா வியாதிக்கும் ஒரே மாத்திரை, ஃபார்மட். விண்டோஸும் லேசுப்பட்டது இல்லை. பார்ட்டிஷன் டேபிள் படிக்க முடியலைன்னா "இனிஷியலைஸ்" பண்ணணும்னு பெட்டி காட்டி, ஓகே பட்டனைத் தயாரா வெச்சிருக்கும். புது டிஸ்க்குக்கு அது சரி. பழைய டிஸ்க்குக்கு அந்த ஓகே, புது டேபிளை எழுதி வெச்சுடும். போரூர் ரூம்ல என் நண்பன் ஒருத்தன் அப்படித்தான் அமுக்கினான். அப்புறம் டெஸ்ட்டிஸ்க் வெச்சு ஒரு ராத்திரி உக்காந்து மீட்டோம். தப்பிச்சது அவன் அதிர்ஷ்டம்.

இன்னொண்ணு, இது உயிர் போற விஷயம். மாடுலர் பவர் சப்ளையை மாத்தும்போது பழைய கேபிளையே வெச்சுக்காதீங்க. டிஸ்க் பக்கம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், பவர் சப்ளை பக்கம் ஒவ்வொரு கம்பெனியும் பின் வரிசையை இஷ்டத்துக்கு வெச்சிருப்பான். 5 வோல்ட் போற இடத்துல 12 போனா, அப்ப நிஜமாவே செத்துடும்.

டொக் டொக்னு சத்தம் வந்தா மட்டும் இந்த வீரத்தை எல்லாம் மூட்டை கட்டிடுங்க. திரும்பத் திரும்ப ஆன் பண்ணாதீங்க, ஃப்ரீசர்ல வெச்சா சரியாகும்னு எவனாவது சொன்னா கேக்காதீங்க, உள்ள ஈரம் கோத்துக்கும். அது மட்டும்தான் 12,000 ரூபாய்க் கேஸ்.

அன்னிக்கு ராத்திரி அம்மாவைக் கூப்பிட்டு வீடியோவைப் போட்டேன். நாற்பது நிமிஷம் தாண்டினதும் ஆயா வந்தாங்க. "அந்தப் பையனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைடி"ங்கறாங்க. அந்தப் பையன் நான்தான். அம்மா அந்த இடத்தையே மூணு தடவை ஓட்டச் சொன்னாங்க.

இப்ப அதுக்கு மூணு காப்பி இருக்கு. ஒண்ணு ஆரணியில அக்கா வீட்ல, பீரோவுக்குள்ள, பட்டுப்புடவைக்கு நடுவுல.