பருத்திமார் பலகை வெளிச்சுவருக்குத் தாங்குமா?

எப்போதும்வென்றான் பக்கத்துக் கரிசலில் பருத்தி எடுத்து முடிந்ததும் மிச்சம் நிற்பது மார். அடுப்புக்குப் போனது போக, மற்றதைக் காட்டிலேயே தீ வைத்துவிடுவது வழக்கம். இதைச் சீவலாக்கி, பசை சேர்த்து, சூட்டில் அழுத்திப் பலகை செய்யும் முறையை மும்பையின் மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் எப்போதோ உருவாக்கிவிட்டது. அலமாரிக்கு அது போதும்.

ஆனா, வெளிச்சுவர், மொட்டைமாடித் தரைக்கு? எல்லாம் பசையில்தான் இருக்கு. மலிவான யூரியா ஃபார்மால்டிஹைடு ஈரத்தில் விட்டுவிடும். ஐப்பசி மழையில் பலகை உப்பிப்போகும். ஃபீனால் ஃபார்மால்டிஹைடு தாங்கும், விலை கூடுதல். வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

இன்னொரு வழி, மரத்தூளை உருகிய பிளாஸ்டிக்கோடு கலந்து வார்க்கும் 'டபிள்யூ.பி.சி'. மரத்தூளுக்குப் பதில் மார்த்தூளும் போடலாம். கரையான் அவ்வளவாக அண்டாது. வெயிலில் நீளும் என்பதால் இடைவெளி விட்டுத்தான் பூட்ட வேண்டும். சித்திரை மதியத்தில் அதன்மேல் வெறுங்காலோடு நிற்க முடியாது. இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

சிக்கல் தொழில்நுட்பத்தில் இல்லை. மார் எடை குறைவு, இடத்தை அடைக்கும். லாரி வாடகையே விலையைத் தின்றுவிடும். கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம் வட்டாரங்களிலேயே சீவல் இயந்திரங்களை அரசு வைத்துக்கொடுத்தால்தான் சம்சாரி கையில் நாலு காசு நிற்கும்.