புகாரின் மண்ணைத் தோண்டுக!

தமிழரின் பண்டைப் பெருமையைப் பேசத் தொடங்கும் எந்த மேடையிலும் புகாரின் பெயர் ஒலியாமல் இருப்பதில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையும், இளங்கோவடிகளின் சிலம்பும், சாத்தனாரின் மணிமேகலையும் அந்நகரை நம் நெஞ்சில் நிலைநிறுத்தி உள்ளன. ஆயின், பாட்டைப் போற்றும் நாம், அப்பாட்டுக்குப் பொருளாய் அமைந்த மண்ணைப் போற்றினோமா? நாகைக் கடற்கரையில் வாழும் தமிழாசிரியன் என்னும் முறையில் இவ்வினாவை எழுப்புகின்றேன். விடை நம்மைத் தலைகுனிய வைப்பதாகவே உள்ளது.

நடுநிலக் கடலின் தென்கரையில், இன்றைய துனீசிய நாட்டில், கார்த்தேசு என்றொரு வணிக மாநகர் இருந்தது. தீர் நகரத்துப் பினீசியர் கி.மு. 814-இல் அதனை நிறுவினர் என்பது பழைய வழக்கு. அப்பெயருக்குப் 'புதுநகர்' என்பதே பொருள். நம் நாட்டு வழக்கில் சொன்னால், புதூர். மேலைக்கடல் வணிகத்தில் ஓங்கி நின்ற அந்நகரைக் கி.மு. 146-இல் உரோமர் எரித்தழித்தனர். அதன் ஏட்டுச் செல்வம் சிதறிப் போயிற்று. மாகோ என்பான் இயற்றிய உழவு நூலை உரோமர் தம் இலத்தீனில் பெயர்த்துக்கொண்டனர். அதுவும் இன்று முழுமையாகக் கிடைத்திலது. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டளவில் நாட்டுப்புறத்தார் நாவில் எஞ்சியிருந்த பூனிக்கு மொழியும் பின்னர் மாய்ந்தது. ஆகவே அந்நகரின் வரலாற்றை அதன் பகைவராகிய உரோமரும் அவர்வழி நின்ற கிரேக்கருமே எழுதி வைத்தனர்.

மொழியை இழந்த அந்நகருக்கு உலகம் என்ன செய்தது? 1972-இல் ஒன்றிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு, கார்த்தேசைக் காக்க வாரீர் என அறைகூவிற்று. பல நாட்டு அறிஞர் மண்வெட்டியுடன் சென்றனர். வட்ட வடிவத் துறைமுகத்தில் 220 கப்பல்கள் தங்கின என அப்பியன் எழுதிய செய்தியை ஏட்டளவில் நம்பிவிடாமல், மண்ணைத் தோண்டிச் சரிபார்த்தனர். துறையின் நடுவண் தீவில் கப்பற் கொட்டில்களின் அடித்தளம் வெளிப்பட்டது. 1979-இல் அந்நகர் உலக மரபிடமாக ஏற்கப்பட்டது.

இனி நம் புகாரைப் பாருங்கள். அதன் புகழைப் பாடியவர் பகைவர் அல்லர், நம் புலவர். எந்த மொழியில் பாடினரோ அந்த மொழியில்தான் இன்றும் நாம் பேசுகின்றோம். கடல்வழி வந்த குதிரையும், வண்டியில் வந்த மிளகுப் பொதியும், தென்கடல் முத்தும், கீழ்க்கடல் பவளமும், ஈழத்து உணவும் அங்குக் குவிந்தமையையும், சோழர் புலிப்பொறி இட்டுச் சுங்கம் கொண்டமையையும் பட்டினப்பாலை விரித்துரைக்கின்றது. மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம், இடையே நாளங்காடி எனத் தெருவமைப்பையே சிலம்பு காட்டுகின்றது. கிரேக்க நிலநூலார் தாலமியும் 'கபேரிசு' என்று இத்துறையைக் குறித்தார். கார்த்தேசுக்கு வாய்க்காத பேறு இது!

இத்தனைக்குப் பின்னும், "புலவர் கற்பனைக்குச் செங்கல் உண்டா?" என்று எள்ளியோர் இருந்தனர். அவர்க்கு விடை மண்ணிலிருந்தே வந்தது. 1963 முதல் 1973 வரை நடுவணரசின் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, கீழையூரில் படகுகள் அணையும் செங்கல் துறைமேடை வெளிப்பட்டது. அங்கே கிடைத்த மரத்தூணைக் கரிமக் கணிப்பிற்கு உட்படுத்தியபோது, அது கி.மு. நான்காம், மூன்றாம் நூற்றாண்டளவினது எனத் தெரிந்தது. வானகிரியில் நீர்த்தேக்க அமைப்பும், பல்லவனேசுவரத்தில் புத்தப் பள்ளியும் கிடைத்தன. எள்ளியோர் வாய் அடைத்தது.

ஆனால், பத்தாண்டு அகழ்ந்ததன் முழு அறிக்கை எப்போது வெளிவந்தது? 1994-இல்! அதுவும் ஆங்கிலத்தில்! இருபத்தோராண்டு காத்திருந்தும், புகார் மண்ணில் பிறந்த உழவனும் மீனவனும் தன் தாய்மொழியில் படிக்கத்தக்க அறிக்கையாக அது வரவில்லை. இது பழங்கதை என்று தள்ளவும் இயலாது. கீழடி அகழ்வாய்வு பற்றி 2023 சனவரியில் அளிக்கப்பட்ட அறிக்கையை, 2025 மே மாதத்தில் திருத்தம் வேண்டுமென்று திருப்பியனுப்பினர். தமிழ்மண்ணில் தோண்டுவதற்கு ஒரு காலம். தோண்டியதைச் சொல்வதற்கு அதனினும் நெடிய காலம். இப்போக்கை நாம் பொறுத்துக்கொண்டே இருப்பதா?

பிறரைச் சாடும் நாம் நம்மவரையும் சாடியாக வேண்டும். 1991-இலும் 1993-இலும் புகாருக்கு அப்பால் ஏறத்தாழ மூன்று கல் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரை இலாட வடிவில் ஓர் அமைப்பைக் கடலாய்வாளர் கண்டனர். அதன் இயல்பு உறுதிப்படுமுன்பே, வெளிநாட்டு எழுத்தாளர் ஒருவர் அது பதினோராயிரம் ஆண்டுக்கு முற்பட்டது என்றார். உடனே நம் மேடைகளும் அதனை முழங்கின. சான்றில்லாப் பெருமை, சான்றுள்ள பெருமையையும் கெடுக்கும். கீழையூர்த் துறைமேடை ஒன்றே நமக்குப் போதிய பெருமை தரும். அதைவிட்டு, மெய்ப்பிக்கப்படாத ஆயிரங்களை அடுக்கிப் பகைவர் நகைப்புக்கு ஏன் இடங்கொடுத்தல் வேண்டும்? மெய்யை நாடுவோனுக்கு மிகை தேவையில்லை.

1973-இல் அங்கே எழுநிலை மாடத்துடன் சிலப்பதிகாரக் கலைக்கூடம் எழுந்தது. நன்று. ஆயினும் புதுக்கல்லில் செதுக்கிய கண்ணகியைக் கண்டு களிக்கும் நாம், பழஞ்செங்கல் கிடக்கும் இடத்தைக் கேட்டறிகின்றோமா? புகார் தஞ்சை மாவட்டத்தில் இருந்தது. 1991 முதல் நாகை மாவட்டத்தில் இருந்தது. 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. மாவட்டப் பெயர் மாறியதே அன்றி, நம் மடிமை மாறவில்லை.

கடல் நமக்காகக் காத்திராது. அருகிலுள்ள தரங்கம்பாடியில், பாண்டியன் குலசேகரன் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முற்பகுதியை அலை விழுங்கியது. அதே அலைதான் புகாரின் கரையையும் அரிக்கின்றது. கரையோரத்து உறைகிணற்றையும் செங்கற்சுவரையும் இழந்த பின் எவ்வளவு முழங்கியும் பயன் என்ன?

2025-இல் தமிழக அரசு புகார் முதல் நாகை வரை கடலடி ஆய்வைத் தொடங்கியதை நெஞ்சார வரவேற்கின்றோம். அது ஒரு பருவத்துச் செய்தியாய் முடிதல் கூடாது. கடலடியோடு நில்லாது, வயலடியிலும் தோப்படியிலும் கிடக்கும் நகரையும் தோண்டுக! கண்டதை ஓராண்டுக்குள், தமிழில், வெளியிடுக! 1994-இன் அறிக்கையைத் தமிழாக்குக! கண்டெடுத்த பொருள்களை அம்மண்ணின் மக்கள் காணுமாறு அங்கேயே வைக்க!

தமிழாசிரியர்களே! பட்டினப்பாலையை மனப்பாடம் செய்விப்பதோடு அமையாதீர். மாணவரைக் கீழையூருக்கும் வானகிரிக்கும் அழைத்துச் செல்லுங்கள். வயலில் பானையோட்டைக் கண்டால் எறியாமல், கண்ட இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்கு அறிவிக்கப் பழக்குங்கள். மொழி மாய்ந்த கார்த்தேசுக்காக உலகம் மண்வெட்டி எடுத்தது. மொழி வாழும் புகாருக்காகத் தமிழன் எடுக்க மாட்டானா?