வரப்புக் கீழாநெல்லியும் ரத்தப் பரிசோதனையும்

கேள்வி: வெளிநாட்டு வேலைக்காக ரத்தம் பார்த்ததில் என் மகனுக்கு 'ஹெபடைடிஸ் பி' என்று சீட்டு வந்திருக்கிறது. அவனுக்குக் காமாலை வந்ததே இல்லை. நடவு, அறுப்பு எல்லாம் செய்கிறான். வரப்பில் கிடக்கும் கீழாநெல்லியை ஒரு மண்டலம் அரைத்துக் கொடுத்தால் போதுமா? தட்டு, டம்ளரைத் தனியாக வைத்திருக்கிறோம்.
- ஒரு விவசாயி, லால்குடி வட்டாரம்

பதில்: மருத்துவம் என் துறை இல்லை. ஆனால் கீழாநெல்லி நம் வரப்புச் செடி, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கெட்ட தண்ணீரால் வரும் ஏ, இ வகைக் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அப்போது கீழாநெல்லி சாப்பிட்டிருந்தால் பெயர் செடிக்குப் போகும். (கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் பச்சிலை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி.) பி வகை அப்படியல்ல. மஞ்சள் காட்டாமலே பல வருஷம் ஈரலில் தங்கி, பிறகு ஈரல் சுருக்கம், புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

இந்தச் செடியைச் சோதிக்காமலும் இல்லை. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, பி கிருமி உள்ளவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்தது. 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்ததாக 'லான்செட்' இதழில் வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. போதாததற்கு, நம் வரப்பில் மேலாநெல்லியும் கலந்து கிடக்கும், களைக்கொல்லியும் பட்டிருக்கும். அதை நம்பி மாதங்களைக் கடத்தாதீர்கள்.

சீட்டோடு லால்குடி அரசு மருத்துவமனைக்குப் போய்க் கேளுங்கள். அல்லது திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 2018 ஜூலை 28 முதல் நடக்கும் தேசியத் திட்டத்தில் இதற்கான பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். ஆறு மாதம் கழித்தும் கிருமி இருந்தால்தான் நிலைத்துவிட்டது என்று பொருள். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. ஈரலின் நிலை, ரத்தத்தில் கிருமியின் அளவு பார்த்து டாக்டர் சொல்வார். ஆரம்பித்தால் நீங்களாக நிறுத்தக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் உடம்பே விரட்டிவிடும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் 100-க்கு 90 பேருக்கு நிலைத்துவிடும். அதனால் உங்கள் மகனுக்குப் பிரசவத்தின்போதே வந்திருக்கக்கூடும். தாய்க்கும் கூடப் பிறந்தவர்களுக்கும் தெரியாமலே இருக்கலாம். அவர் மேல் பழி போடச் சொல்லவில்லை. முதலில் அவரைக் கூட்டிப் போங்கள், பிறகு வீட்டில் எல்லோரும் ரத்தம் கொடுங்கள். மகனுக்குக் கல்யாணமாகியிருந்தால் மருமகளும்தான். இல்லை என்று வந்தவர்களுக்குத் தடுப்பூசி உண்டு: முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதம் மூன்றாவது. இனி வீட்டில் குழந்தை பிறந்தால் 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். சி வகைக்கு ஊசி இல்லை, ஆனால் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகிறது. அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தட்டு, டம்ளரை இன்றைக்கே ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். சாப்பாட்டில் இது பரவாது. தனியாக இருக்க வேண்டியவை சவர பிளேடு, பல் பிரஷ், நகவெட்டி. சலூனில் எல்லோருமே புது பிளேடு போடச் சொல்லுங்கள். காய்ந்த ரத்தத்திலும் இந்தக் கிருமி ஒரு வாரம் வரை உயிரோடு இருக்கும்.